ரங்கப்பிள்ளை வீதியில் ஒரு வியாபாரி வீடு

எறையூர்ப் பக்கம் கல்லுக்குப் பஞ்சமே இல்லை. கிணறு வெட்டினால் பாறை முட்டும். பெரம்பலூர் போகிற வழியில் எங்காவது ஒரு குவாரியின் தூசு கண்ணில் படும். கல்லில் கட்டியவற்றில் எங்கள் பக்கத்துக்குப் பெருமை ரஞ்சன்குடிக் கோட்டை. சென்னை – திருச்சி நெடுஞ்சாலையில் போகிறவர்கள் பஸ் ஜன்னலில் இருந்தே பார்த்திருப்பீர்கள். அகழியும், அடுக்கடுக்காக ஏறும் மதில்களும், உச்சியில் பீரங்கி மேடையுமாக நிற்கும். அதை விட்டால் வாலிகண்டபுரத்துச் சிவன் கோயில். அதுவும் கல்.

பெரம்பலூரில் பருத்தியும் மக்காச்சோளமும் வாங்கி விற்கிற கமிஷன் மண்டி வைத்திருந்த என் சித்தப்பா ஒருநாள் கேட்டார்: "ராஜா கட்டுன கோட்டை இருக்கு, சாமிக்குக் கட்டுன கோயில் இருக்கு. யாவாரி கட்டுன வீடு பழசா ஒண்ணு காட்டுடா பாப்போம்."

செட்டிநாடு என்றுதான் எல்லோருக்கும் வாயில் வரும். ஆனால் அங்கே நாம் வாய்பிளந்து பார்க்கிற மாளிகைகளில் பெரும்பாலானவை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பர்மாப் பணத்தில் எழுந்தவை. கானாடுகாத்தான் அரண்மனையே 1912-ஐச் சேர்ந்ததுதான். சித்தப்பா கேட்டதற்கு இன்னும் பழைய பதில் ஒன்று இருக்கிறது. கம்பெனிக் கப்பல்கள் நம் துணிக்காக வந்து நின்ற காலத்து வீடு. புதுச்சேரியில், பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்தில், தன் சொந்தக்காரர் பெயரையே வீதிக்கும் கொடுத்துவிட்டு நிற்கிறது. ஆனந்தரங்கப் பிள்ளை வீடு.

அந்த வீட்டுக்கும் எங்கள் ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1751-ல் வாலிகண்டபுரத்தை ஒட்டி ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் சண்டை நடந்தது. ஆற்காட்டு நவாப் பட்டத்துக்குப் போட்டியிட்ட இருவரில், முகமது அலிக்காக ஒரு பக்கம் ஆங்கிலக் கேப்டன் ஜிஞ்சன், மறுபக்கம் சந்தா சாகிபோடு சேர்ந்து பிரெஞ்சுத் தளபதி தெத்தேய். ஆங்கிலப் படை பின்வாங்கி ஊட்டத்தூர் வழியாகத் திருச்சிக்கு ஓடியது. மறு ஆண்டே காற்று திசை மாறி, அதே வாலிகண்டபுரத்தில் தெத்தேய் கிளைவிடம் சரணடைந்தார். இந்தப் போர்களை எல்லாம் புதுச்சேரியில் உட்கார்ந்து நடத்தியவர் கவர்னர் டூப்ளே. அவருடைய தலைமைத் துபாஷ்தான் ஆனந்தரங்கப் பிள்ளை. எங்கள் ஊர் மண்ணில் குதிரைகள் ஓடிய நாட்களில் பிரெஞ்சுக்காரர் பக்கத்துப் பணத்துக்கும் தூதுக்கும் கடிதத்துக்கும் நடுவே இருந்த தமிழர் அவர்.

ஆனால் அந்த வீட்டைத் துபாஷ் மாளிகை என்று சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. நான் இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். வீடு எழுந்தது 1738 வாக்கில். அவர் தலைமைத் துபாஷாக நியமனம் பெற்றது 1747-ல். நடுவே ஏறக்குறைய பத்து வருஷம். பிள்ளை பிறந்தது 1709 மார்ச் 30, சென்னைப் பெரம்பூரில். ஆக, வீடு கட்டும்போது முப்பதை எட்டாத வயது. பதவி என்று பெரிதாக எதுவும் இல்லை. கவர்னரின் காதுக்கு எட்டும் இடத்தில் அப்போது இருந்தவர் கனகராய முதலியார். பிள்ளை அன்றைக்கு வியாபாரி மட்டுமே. பரங்கிப்பேட்டையில் பிரெஞ்சுக் கம்பெனியின் துணிக் காரியத்தைப் பார்த்தவர். ஆற்காட்டிலும் லாலாப்பேட்டையிலும் சொந்தக் கடைகள் போட்டு, ஐரோப்பியச் சரக்கை உள்நாட்டுக்கும் உள்நாட்டுச் சரக்கைக் கடற்கரைக்கும் மாற்றியவர். பிற்பாடு ஆனந்தப் புரவி என்று சொந்தக் கப்பலே ஓட்டினார்.

அப்படிப்பட்டவருக்கு இவ்வளவு பெரிய வீடு எதற்கு? பகட்டு என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். எனக்கு அது போதவில்லை.

அந்தக் காலத்துத் துணி வியாபாரம் முழுக்க முன்பணத்தில் நடந்தது. கம்பெனி, வியாபாரிகளோடு ஒப்பந்தம் போடும்: இத்தனை கட்டு, இன்ன நீளம், இன்ன நெருக்கம். வியாபாரி அந்தப் பணத்தைத் தரகர்கள் வழியாக உள்நாட்டு நெசவாளிகளுக்குக் கொடுப்பார். நெசவாளி நூல் வாங்க வேண்டும், பாவு போட வேண்டும், அதுவரை குடும்பம் சாப்பிட வேண்டும். மழையோ குதிரைப்படையோ வந்து தறி நின்றுபோனால் முன்பணம் அப்படியே முடங்கும். துணி வந்து சேர்ந்தாலும் கம்பெனிக் கிடங்கில் பிரித்துப் பார்த்து, மட்டமானதைக் கழித்துவிடுவார்கள். வெளுக்க வேண்டும், சாயம் ஏற்ற வேண்டும், கட்டுக் கட்ட வேண்டும், கப்பல் புறப்படும் பருவத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும். இத்தனை படியிலும் கடன் ஓடுகிறது. கடன் ஓடுகிற இடத்தில் ஆளின் நாணயம்தான் மூலதனம். மண்டி வைத்தவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். விவசாயி சரக்கை இறக்கிவிட்டு 'பணம் அப்புறம் வாங்கிக்கிறேன்' என்று போகிறார் என்றால், மண்டிக்காரர் நாளைக்கும் இதே இடத்தில் இருப்பார் என்ற நம்பிக்கையில்தான் போகிறார். பிள்ளையின் வீடு அந்த நம்பிக்கையைச் சுவராக எழுப்பியது என்று நான் படிக்கிறேன்.

இந்தக் குடும்பத்துக்கு அப்படி ஒரு சுவர் தேவைப்பட்டதற்குக் கசப்பான காரணம் ஒன்றும் உண்டு. பிள்ளையின் அப்பா திருவேங்கடம் பிள்ளையைப் புதுச்சேரிக்கு வரவழைத்தவர் அவருடைய மைத்துனர் நைனியப்ப பிள்ளை. கம்பெனியின் தலைமைத் தரகர். 1716-ல் கவர்னர் ஏபேர் அவரைப் பிடித்து விசாரித்தார். சவுக்கடி, சிறை, அபராதம், சொத்துப் பறிமுதல். 1717-ல் சிறையிலேயே நைனியப்ப பிள்ளை இறந்துபோனார். மகன் குருவப்ப பிள்ளை நியாயம் கேட்டுக் கப்பலேறிப் பிரான்சுக்கே போனார். அங்கே ஞானஸ்நானம் பெற்று, செவாலியே பட்டத்தோடு திரும்பி, அப்பா இருந்த பதவியைப் பிடித்தார். 1724-ல் அவரும் காலமாகிவிட்டார்; இரண்டு வருஷத்தில் திருவேங்கடம் பிள்ளையும் போய்விட்டார். சின்ன வயதில் இதையெல்லாம் பார்த்து வளர்ந்த பையன்தான் ஆனந்தரங்கன். கவர்னர் மனசு மாறினால் ஒரு பெரிய மனிதனின் வீடு ஒரே நாளில் கம்பெனிச் சொத்தாகும் என்று தெரிந்தவர், அதே ஊரில், கோட்டையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இவ்வளவு பெரிதாகக் கட்டினார். எனக்கு அது துணிச்சலாகவே படுகிறது. ஊரை விட்டு நான் போகப்போவதில்லை என்று எல்லோரும் பார்க்கச் சொல்லிவிட்டார்.

சரி, வீட்டைப் பற்றி. முதலில் ஒன்று: இது கல்மாளிகை அல்ல. செங்கல்லும் சுண்ணாம்பும். புதுச்சேரி மணல் கரை, அங்கே பாறை ஏது? கல் வேண்டுமென்றால் செஞ்சியில் இருந்துதான் வர வேண்டும். கடற்கரைக் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் எட்டுக் கல்தூண்களும் செஞ்சியில் இருந்து வந்தவைதான். 1750-ல் பிரெஞ்சுக்காரர் செஞ்சியைப் பிடித்த பிறகு கிடைத்த கொள்ளை அது. வியாபாரிக்கு அந்த வசதி கிடையாது. அவருக்குச் சூளைச் செங்கல், சுண்ணாம்புக் காரை, மரம்.

கீழ்த்தளம் நம் ஊர் வீடு. நடுவில் முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், செதுக்கிய மரத்தூண்கள். மாடிக்குப் போனால் வேறு உலகம்: வெள்ளைச் சாந்து பூசிய பருத்த தூண்கள் வரிசை பிடித்து நிற்கின்றன, பிரெஞ்சுப் பாணியில். சுற்றுலாப் புத்தகங்கள் இதை இரண்டு பண்பாடுகளின் இணக்கம் என்று ஒரு வரியில் முடித்துவிடுகின்றன. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வீட்டைக் கட்டினவரின் ஒருநாள் பொழுதை நினைத்துப் பாருங்கள். அவரைத் தேடித் தரகர்கள் வருவார்கள், நெசவூர்களில் இருந்து ஆட்கள் வருவார்கள், உறவுக்காரர்கள், புரோகிதர்கள், புலவர்கள் வருவார்கள். அவர்களுக்கு முற்றமும் தாழ்வாரமும் பழகின இடம், கூசாமல் உட்காரலாம். கப்பல் கேப்டனும் கம்பெனி அதிகாரியும் வந்தால் அவர்களுக்குப் பழகின தூண் வேண்டும், காற்று வரும் மாடி வேண்டும். இரண்டு தரப்பையும் ஒரே கூரைக்குள் வைத்துப் பேசத் தெரிந்தவன் பிழைத்தான். இணக்கம் என்பதைவிடத் தொழிலின் தேவை என்று இதைப் பார்த்தால்தான் அந்த வீட்டில் வாழ்ந்த மனிதனுக்கு மரியாதை.

அவருடைய நாட்குறிப்பைப் படித்தவர்களுக்கு இன்னொரு இடமும் தெரியும்: பாக்குக் கிடங்கு. கவர்னர் மாளிகைக்குப் போனேன், திரும்பிப் பாக்குக் கிடங்குக்கு வந்தேன், அங்கே இன்னார் வந்தார், இன்ன சேதி சொன்னார் என்று பக்கத்துக்குப் பக்கம் வரும். பெரிய பதவிக்கு வந்த பிறகும் ராஜாங்கக் காரியங்களில் எவ்வளவோ ஒரு சரக்குக் கிடங்கில் உட்கார்ந்தபடியே நடந்திருக்கிறது. தக்காணத்தின் சுபேதாரான முசாபர் ஜங் அவருக்கு மூவாயிரம் குதிரைக்கான மன்சப் பட்டம் கொடுத்தார். ஸ்ரீநிவாச கவி வடமொழியில் ஆனந்தரங்க விஜய சம்பு பாடினார். தியாகராய தேசிகர் தமிழில் ஆனந்தரங்கன் கோவை பாடினார். பல்லக்கு, மேளதாளம், விருது எல்லாம் வந்து சேர்ந்தன. ஆனாலும் மனிதர் கிடங்கை விடவில்லை.

நாட்குறிப்பு 1736 செப்டம்பர் 6-ல் தொடங்குகிறது. வீடு எழுந்துகொண்டிருந்த அதே காலகட்டம். தினப்படி சேதிக்குறிப்பு என்று அவரே வைத்த பெயர். கப்பல் வந்தது, போனது, யார் செத்தார், யாருக்குக் கல்யாணம், கவர்னர் என்ன சொன்னார், அவர் மனைவி என்ன செய்தாள், சந்தையில் என்ன வதந்தி, எல்லாம் தமிழ் வருஷம், மாதம், தேதி, கிழமை போட்டு. இருபத்து நாலு வருஷத்துக்கு மேல். 1746-ல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன கதை, 1748-ல் ஆங்கிலேயர் முற்றுகையின்போது பிரெஞ்சுக்காரர் வேதபுரீசுவரர் கோயிலை இடித்த கதை, 1750-ல் ஹைதராபாத் நிஜாம் நாசர் ஜங் செஞ்சிக்குப் பக்கத்தில் கொல்லப்பட்ட கதை. பாடப் புத்தகத்தில் இரண்டு வரியாக இருப்பவை இங்கே ஒரு ஊரின் அலறலாகக் கேட்கின்றன. பிரபஞ்சன் மானுடம் வெல்லும், வானம் வசப்படும் நாவல்களை இந்தக் குறிப்புகளில் இருந்துதான் எழுப்பினார். இரண்டாவதற்கு 1995-ல் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது.

அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்றும் கேட்க வேண்டும், வீட்டின் அழகைப் பேசும் நாம் அதை விட்டுவிடக் கூடாது. புதுச்சேரியில் நீலச் சாயம் ஏற்றிய துணி பிரான்சுக்குப் போய், அங்கிருந்து ஆப்பிரிக்கக் கரைக்குப் போனது. செனகலில் அதுவே பணம்போல் ஓடியது. பிசினும் வாங்கினார்கள், மனிதர்களையும் வாங்கினார்கள். நம் ஊர் ஆட்களை ஆசைகாட்டிப் பிடித்துத் தலையை மழித்து அடைத்துவைத்து, தீவுகளுக்குக் கப்பலேற்றிய கொடுமையைப் பிள்ளையே 1743-ல் எழுதிவைத்திருக்கிறார். படிக்கும்போது வயிறு கலங்குகிறது. நூல் நூற்றவள், நெய்தவன், அவுரிச் சாயத்தில் கை நீலமானவன் ஆகியோரின் வீடுகளில் ஒன்றுகூட இன்று இல்லை. கூரை வீடுகள், அந்தந்த மழையோடு போய்விட்டன. நம்மிடம் மிச்சம் இருப்பது வாங்கி விற்றவரின் வீடு ஒன்றுதான். அதன் தூண்களைத் தொட்டுப் பார்க்கும்போது அவர்களையும் சேர்த்தே நினைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

கடைசி வருஷங்கள் நல்லபடியாக இல்லை. 1754-ல் டூப்ளே பிரான்சுக்குத் திருப்பி அழைக்கப்பட்டார். 1756-ல் புதிய கவர்னர் லெய்ரி பிள்ளையைப் பதவியில் இருந்து இறக்கினார். உடம்பும் கெட்டது. 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்தார். கடலூர் தேவனாம்பட்டினத்துக் கோட்டையைப் பிடித்துத் தரைமட்டமாக்கினார். அதற்குப் பதில் புதுச்சேரி தலையில் விடிந்தது. ஆங்கிலத் தளபதி அயர் கூட்டின் முற்றுகை, பஞ்சம். சாப்பாட்டுக்கு வாய் குறையட்டும் என்று தமிழ்க் குடிகளை லாலி ஊரை விட்டே விரட்டினார். ஆங்கிலேயர் அவர்களை விடவில்லை, பிரெஞ்சுக்காரர் திரும்பச் சேர்க்கவில்லை. நடுவில் கிடந்து தவித்தார்கள். 1761 ஜனவரி 12-ல் ஆனந்தரங்கப் பிள்ளை இறந்தார். நான்கே நாளில், 16-ஆம் தேதி, ஊர் சரணடைந்தது.

அப்புறம் ஆங்கிலேயர் ஊரை இடித்தார்கள். கோட்டை, கவர்னர் மாளிகை, பெரிய கட்டடங்கள் எல்லாம். டூப்ளே வாழ்ந்த மாளிகை போயிற்று. சுவர் எழுப்பி ஊரைக் காத்தவர்களின் சுவர்கள் எல்லாம் போயின. 1763 பாரிஸ் ஒப்பந்தத்துக்குப் பிறகு 1765-ல் பிரெஞ்சு கவர்னர் லா த லொரிஸ்தோன் திரும்பி வந்து, பழைய அஸ்திவாரங்களின் மேலேயே ஊரை மறுபடி கட்டினார். வீதிகள் இன்றும் அளவெடுத்தாற்போல நேராக ஓடுவது, 1693 முதல் 1699 வரை ஊரை வைத்திருந்த டச்சுக்காரர் போட்ட திட்டத்தால். ஆகவே இன்று பிரெஞ்சுப் புதுச்சேரி என்று நாம் படம் எடுத்துக்கொள்வதில் அநேகமாக எல்லாமே 1765-க்குப் பிந்தியது. அதற்கு முந்திய ஊரில் இருந்து தப்பி நிற்பவை மிகக் குறைவு. அந்தக் குறைவில் ஒன்று ரங்கப்பிள்ளை வீதி வீடு. டூப்ளே காலத்துப் புதுச்சேரியைப் பார்க்க வேண்டும் என்றால் கடற்கரையில் நிற்கும் அவர் சிலைக்குப் போய்ப் பயனில்லை, கால்வாய்க்கு மேற்கே தமிழர் பகுதிக்குத்தான் வர வேண்டும்.

பெரம்பலூர்க்காரர்களுக்கு விழுப்புரம் வழியாக அரைநாள் பயணம். காலையிலேயே போய்விடுங்கள், மார்க்கெட் நேரத்தில். மீன், பூ, வெற்றிலைக் கூச்சலுக்கு நடுவே வீட்டை நெருங்கினால்தான் அது ஏன் அந்த இடத்தில் நிற்கிறது என்பது விளங்கும். வியாபாரி கடலைப் பார்த்துக் கட்டவில்லை, கடைத்தெருவை ஒட்டிக் கட்டினார். தனியார் வீடு என்பதால் உள்ளே போக அனுமதி கேட்டுக்கொள்ள வேண்டும். கேட்காமல் கேமராவை நீட்டாதீர்கள். அப்படியே வைசியாள் வீதிக்கும் நடந்துவிடுங்கள். திண்ணையும் தெருத் தாழ்வாரமுமாக வரிசையாகச் செப்பனிடப்பட்ட தமிழ் வீடுகள் அங்கே இருக்கின்றன. 2008-ல் யுனெஸ்கோ பாராட்டிய வேலை.

செப்பனிடுவது பற்றி எனக்கு ஒரு கவலை உண்டு. 2014 நவம்பர் மழையில் கடற்கரையோரத்து மேரி கட்டடம் அப்படியே சரிந்து விழுந்தது. ஊரே பார்த்துப் பார்த்து வளர்ந்த நகரசபைக் கட்டடம், பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சுண்ணாம்பு வேலை. இன்று அங்கே நிற்பது அதே தோற்றத்தில் புதிதாகக் கட்டியது. மேரியைவிட நூற்றுமுப்பது வருஷம் மூத்தது பிள்ளை வீடு. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே நின்று செங்கல்லைத் தின்றுவிடும். சுண்ணாம்பை ஊறவைத்து அரைக்கத் தெரிந்த கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள், ஆனால் அவர்களுக்குக் கூலி கூட, நாள் கூட. ஒரு குடும்பம் மட்டும் தோளில் சுமக்கிற செலவு அல்ல இது. இப்படி ஒரு வீட்டுக்கு அரசுப் பணமும் ஊர்ப் பணமும் வரத்தான் வேண்டும், கேட்டு வாங்கத்தான் வேண்டும்.

வீட்டைக் காப்பாற்றுவதற்குச் சமமான இன்னொரு காரியம் அந்தக் குடும்பம் செய்தது: தாள்களைக் காப்பாற்றியது. பிள்ளை இறந்த பிறகு குடும்பத்தவரான, அப்பாவின் பெயரையே கொண்ட இன்னொரு திருவேங்கடம் பிள்ளை குறிப்பெழுதுவதைத் தொடர்ந்தார். அந்தக் கணக்குப் புத்தகங்கள் 1846 வரை யார் கண்ணிலும் படாமல் குடும்பத்தாரிடமே இருந்தன. அந்த ஆண்டில் கலுவா மோன்பிரேன் என்ற பிரெஞ்சு அதிகாரி கண்டெடுத்துப் படியெடுத்தார். ஆரியேல் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் எடுத்த படி பாரிசுக்குப் போனது. 1904-ல் தொடங்கி 1928-க்குள் சென்னை அரசு ஆங்கிலத்தில் 12 தொகுதிகள் போட்டது. தமிழிலும் இன்று முழுசாகக் கிடைக்கிறது. முதன்முறை படிக்கிறவர்கள் 1746 முதல் 1748 வரையான பகுதியில் ஆரம்பிக்கலாம், கீழே வைக்க முடியாது.

எங்கள் பக்கத்து ஊர்களிலும் பருத்தி, நெல், வெங்காயம், தோல் என்று மூன்று நான்கு தலைமுறையாக வியாபாரம் செய்த குடும்பங்கள் உண்டு. பரண்மேல் பேரேடு, பற்றுவரவு நோட்டு, அடமானப் பத்திரம், ஓலைக்கட்டு என்று ஏதாவது கிடக்கும். வீட்டை இடித்துக் கட்டும்போது முதலில் பழைய பேப்பர் கடைக்குப் போவது இவைதான். தயவுசெய்து போடாதீர்கள். புதுச்சேரியில் இருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டு வீடுகளில் கிடந்த இப்படிப்பட்ட ஆவணங்களைப் படமெடுத்துப் பாதுகாத்திருக்கிறது. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அதுகூட முடியாதென்றால் எறையூரில் எனக்குச் சொல்லி அனுப்புங்கள், நானே வந்து வாங்கிக்கொண்டு போய்ச் சேர்க்கிறேன்.